தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீரல்ல

கற்பிட்டிக் குடாநாட்டில் ஆறு கிடையாது. மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவே மணல். மழைநீர் இம்மணலுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. தோட்டத்துக்கு இறைப்பதும் வீட்டில் குடிப்பதும் இந்த ஒரே நீரைத்தான்.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட பல குடும்பங்கள் இக்கரையோரத்தில் குடியேறின. "கிணற்று நீர் கண்ணாடிபோல் தெளிவு, உவர்ப்பும் இல்லை. கொதிக்கவைத்தே குடிக்கின்றோம். பிறகென்ன பயம்?" என்று கேட்பவர்கள் உண்டு. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஆனால் நைத்திரேற்று என்னும் உப்பு நீங்காது. நீர் ஆவியாகிக் குறையும்போது அதன் செறிவு கூடவே செய்யும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. துணியால் வடித்தாலும் குளோரின் இட்டாலும் போகாது.

அது எங்கிருந்து வருகின்றது?

வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடும் யூரியாவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. பயிர் எடுத்தது போக மிஞ்சியதை மணல் பிடித்துவைப்பதில்லை. அடுத்த இறைப்போடும் மழையோடும் அது நிலத்தடி நீரைச் சேர்கின்றது. மலசலகூடக் குழிகளும் மாட்டுத் தொழுவங்களும் தம் பங்கைச் சேர்க்கின்றன. கற்பிட்டியில் செறிவாகப் பயிர் செய்யும் இடங்களின் கிணறுகளில் நைத்திரேற்று எல்லை மீறியிருப்பதை 1980களிலேயே ஆய்வுகள் காட்டின.

யாருக்கு ஆபத்து?

உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை, ஒரு லீற்றர் நீரில் 50 மில்லிகிராம் நைத்திரேற்று. இதைத் தாண்டிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அப்படிக் கண்டால் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

1. முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். தாய் குடிக்கும் நைத்திரேற்று பாலில் மிகச் சொற்பமே சேரும்.

2. பால்மா தவிர்க்கமுடியாவிடில், பரிசோதித்த குழாய்நீரையோ நன்கு பராமரிக்கப்படும் ஆர்.ஓ. இயந்திர நீரையோ, கிருமிக்காகக் கொதிக்கவைத்துப் பாவியுங்கள்.

3. கிணற்று நீரைப் பரிசோதிக்கும் வழியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். அறிக்கையில் "நைத்திரேற்று-நைதரசன்" என்றிருந்தால் எல்லை 50 அல்ல, சுமார் 11 என்பதைக் கவனியுங்கள்.

4. குடிநீர்க் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் குறைந்தது 50 அடி விடுங்கள். மணல் நிலத்தில் அதிலும் கூடுதலாக விடுவது நன்று.

5. யூரியாவை ஒரேயடியாக இடாமல், பயிர் வளரும் பருவத்துக்கேற்பச் சிறுசிறு அளவாகப் பிரித்து இடுங்கள். கூட்டெருவும் சேருங்கள். பெருமழைக்கு முன்பு பசளை போடாதீர்கள். அளவுக்கு மேல் நீரிறைத்தால் பசளை வேருக்குக் கீழே போய்விடும், உப்புநீரும் மேலெழும்.

குத்தகைக் காணியில் தோட்டம் செய்பவருக்கு விளைச்சல் குறையுமோ என்ற பயம் நியாயமானதே. ஆனால் நீரோடு இறங்கும் பசளை பயிருக்கு உதவுவதில்லை. அது நாம் காசு கொடுத்து வாங்கிக் கிணற்றில் கொட்டும் பசளை. ஒருவர் மட்டும் குறைத்தால் போதாது. அயல் தோட்டத்தில் இட்டதும் நம் கிணற்றுக்கு வரும், நாம் இட்டதும் அயலவர் கிணற்றுக்குப் போகும். ஆகவே தோட்டக்காரரும் காணிச் சொந்தக்காரரும் தாய்மாரும் கிராமச் சங்கத்தில் ஒன்றாக அமர்ந்து இதைப் பேச வேண்டும். அடுத்த போகத்துக்குப் பசளை வாங்குமுன் பேசுவது நல்லது.