புது ஆல்டர்னேட்டர், புது எல்.இ.டி. பல்பு... ஆனாலும் பழைய அம்பாசடர் ஏன் மக்கர் பண்ணுது?

தாத்தா காலத்து அம்பாசடர். பெயின்ட் அடிச்சாச்சு, சீட் தைச்சாச்சு. டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர், ஹெட்லைட்டுக்கு ஹாலஜன், இண்டிகேட்டருக்கு எல்.இ.டி., கூடவே ஒரு ப்ளூடூத் செட். செலவு எல்லாம் முடிந்த பிறகுதான் தலைவலி ஆரம்பிக்கும். ஹெட்லைட் போட்டால் வெளிச்சம் மஞ்சளாக அழுது வடிகிறது. பிரேக்கை மிதித்தால் பெட்ரோல் முள் ஆடுகிறது. நாலு நாள் நிறுத்தினால் செல்ஃப் எடுக்க மாட்டேங்குது.

உடனே பலரும் செய்வது, பேட்டரியை மாத்துறது. பணம்தான் போகும், கோளாறு அப்படியே இருக்கும்.

சிக்கல் எங்கே?

மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வடிவத்தில் வந்த அம்பாசடர், 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தயாரானது. ஆரம்பகால வண்டிகளின் வயரிங், சில பல்பு, ஹாரன், வைப்பர் என்ற கணக்கில் போடப்பட்டது. அந்தக் காலத்து டைனமோ தருவது சுமார் 20 ஆம்பியர். இன்றைய ஆல்டர்னேட்டர் அதைப்போல இரண்டு மடங்கு தரும். ஆனால் அந்தக் கரண்ட் ஓடும் வயர், ஸ்விட்ச், எர்த் எல்லாம் பழசு. புதுப் பொருளில் கோளாறு இருக்காது. பழைய பாதைதான் தாங்கவில்லை.

முதல் சந்தேகம் எர்த் மேல

பழைய காரில் பாசிட்டிவுக்குத்தான் வயர். கரண்ட் பேட்டரிக்குத் திரும்புவது வண்டியின் பாடி வழியாக. எர்த் போல்ட்டுக்கு அடியில் துரு இருந்தால் பாதை அடைபடும். புதுசா அடிச்ச பெயின்ட்டும் அதே வேலையைச் செய்யும். 'ரீஸ்டோர் பண்ணின பிறகுதான் பிரச்சினையே வந்தது' என்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். பிரேக் அடித்தால் பெட்ரோல் முள் ஆடுகிறதா? பின்பக்க லைட்டும் டேங்க் மிதவையும் ஒரே மோசமான எர்த்தைப் பங்கு போடுகின்றன என்று அர்த்தம்.

இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையை மறக்காமல் பாருங்க. இன்ஜினை இறக்கி ஏற்றும்போது அதை மாட்டாமல் விட்டுவிடுவது உண்டு. அப்போது செல்ஃப் மோட்டாரின் 100 ஆம்பியருக்கும் மேலான கரண்ட், சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் சூடாகிறதா? வண்டியை உடனே நிறுத்துங்க.

மல்டிமீட்டரில் 4 சோதனை

மீட்டரை 20 வோல்ட் டி.சி.-யில் வையுங்க.

1. இன்ஜின் ஆஃப்: முழு சார்ஜில் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி காலி.

2. இன்ஜின் ஓடும்போது: 13.8 முதல் 14.4 வரை. 13-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு, பேட்டரி கொதிக்கும்.

3. ஹெட்லைட்டைப் போட்டு: ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், மறுமுனையை பல்பின் எர்த் முனையிலும் வையுங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யணும். இதேபோல பாசிட்டிவ் பக்கமும் பாருங்க. அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் என்றால் வயரிலோ ஸ்விட்ச்சிலோ இழப்பு.

4. எல்லாம் ஆஃப், கதவு மூடி: நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியரில் மாட்டுங்க. பழைய காரில் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை ஆம்பியர் கசிந்தால் 45 ஏ.ஹெச். பேட்டரி 90 மணி நேரத்தில், அதாவது நாலே நாளில் காலி. ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்க. எதை எடுத்ததும் கரண்ட் குறைகிறதோ அந்த லைன்தான் குற்றவாளி. எதை எடுத்தும் குறையலைனா, ஃபியூஸ் இல்லாமல் நேராக இழுத்த செட் வயரையும், ஆல்டர்னேட்டர் டையோடையும் சந்தேகப்படலாம். மீட்டர் இப்படி மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடிக்கவே கூடாது.

எதை மாத்தினா என்ன வரும்?

*ஹாலஜன்:* 60 வாட் பல்பு இரண்டு என்றால் 10 ஆம்பியர், அதுவும் பழைய ஸ்விட்ச் வழியாக. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் சுமார் 30 சதவீதம் போய்விடும். ரிலே போட்டு, பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தனி வயர் இழுத்தால் ஸ்விட்ச்சும் பிழைக்கும், வெளிச்சமும் கூடும்.

*எல்.இ.டி. இண்டிகேட்டர்:* பழைய ஃப்ளாஷர், பல்பு இழுக்கும் கரண்ட்டின் சூட்டில் வேலை செய்வது. எல்.இ.டி. இழுப்பது மிகக் கொஞ்சம். அதனால் சிமிட்டாமல் நிற்கும். எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் மாட்டினால் சரியாகும்.

*ஆல்டர்னேட்டர்:* பல வகைகளில் டேஷ்போர்டு சார்ஜ் விளக்கு வழியாகத்தான் ஆல்டர்னேட்டர் 'விழிக்கும்'. அந்த பல்பு ஃபியூஸ் போனாலோ, எல்.இ.டி.யாக மாற்றினாலோ சார்ஜ் ஏறாமல் போகலாம். டேஷில் 30 ஆம்பியர் வரை காட்டும் பழைய அம்மீட்டர் இருந்தால், மொத்தச் சார்ஜும் அதன் வழியாகவே ஓடும். அதை எடுத்துவிட்டு வோல்ட்மீட்டர் வைப்பது பாதுகாப்பு.

*மோரிஸ் மைனர் போன்ற பிரிட்டிஷ் வண்டிகள்:* பழைய மாடல்களில் பாசிட்டிவ்தான் எர்த். அதைக் கவனிக்காமல் மாட்டினால் புது செட்டும் ஆல்டர்னேட்டரும் அந்த நிமிடமே காலி.

இதை மட்டும் பண்ணாதீங்க

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடுவதும், சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுற்றுவதும் வேண்டாம். ஃபியூஸ் போகாது, அதற்குப் பதிலாக டேஷ்போர்டுக்குப் பின்னால் விறைத்துப்போன பழைய வயர் எரியும். பக்கத்திலேயே பெட்ரோல் ஓடும் வண்டி அது.

ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனால் 'வண்டி மக்கர் பண்ணுது' என்று மட்டும் சொல்லாதீங்க. கடைசியாக எதை மாத்தினீங்க, எந்த ஸ்விட்ச்சைப் போட்டால் கோளாறு வருது என்று எழுதிக் கொண்டு போங்க. அடுத்த முறை ஒரே நாளில் நாலு பொருளை மாத்தாதீங்க. ஒன்றை மாத்தி, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்க.