வைஃபை இருக்கு... இணையம் எங்கே போச்சு?



சென்ற மாதம் நம் குழுப் பிரதிநிதி ஒருவர் ரயில் நிலையத்தில் காத்திருந்தார். வங்கிக் கடன் தவணை கட்ட அன்றுதான் கடைசி நாள். போனில் டேட்டா தீர்ந்துவிட்டது. அங்கிருந்த இலவச வைஃபையில் இணைத்தார். வைஃபை அடையாளம் முழுசாகத் தெரிந்தது. ஆனால் பணம் அனுப்பும் ஆப்பில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, “சர்வர் பிழை” என்று வந்தது. மூன்று முறை முயன்றார். பிறகு வேறொருவர் போனில் எங்களை அழைத்து, “குழுப் பணம் மூணு தடவை போயிருச்சோ அக்கா?” என்று பதறினார்.

வங்கியில் விசாரித்தோம். ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. தவணைதான் ஒரு நாள் தள்ளிப்போனது. ஏன் இப்படி?

நடுவில் ஒரு வாசல்

பொது வைஃபை பல இடங்களில் நம்மை நேராக இணையத்துக்குள் விடாது. முதலில் ஒரு உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டும். அதில் கைப்பேசி எண்ணைக் கொடுத்து, வரும் ஓடிபி எண்ணைப் போட்டால்தான் வாசல் திறக்கும். 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் ரெயில்டெல் தொடங்கி, பிறகு நாடெங்கும் பரவிய ரயில் நிலைய வைஃபையும் இப்படித்தான். அதுவரை அடையாளம் எவ்வளவு முழுசாக இருந்தாலும் நாம் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறோம்.

போன் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வங்கி மேலாளரிடம் ஒரு பிள்ளையை அனுப்புகிறோம் என்று வையுங்கள். அவர் வெறும் தாளைத்தான் கொடுத்தனுப்புவார் என்று முன்பே பேசி வைத்திருக்கிறோம். பிள்ளை எழுத்து நிறைந்த தாளோடு வந்தால் என்ன அர்த்தம்? உள்ளே போகவில்லை, வாசல்காரர் கொடுத்ததை வாங்கி வந்திருக்கிறது!

ஆண்ட்ராய்டு போனும் இதைத்தான் செய்கிறது. வைஃபையில் சேர்ந்ததும் கூகுளின் ஒரு முகவரிக்குச் சிறு கேள்வி அனுப்பும். 204 என்ற குறியீட்டோடு வெறும் பதில் வந்தால் வழி திறந்திருக்கிறது. வேறு பக்கம் வந்தால் நடுவில் வாசல் இருக்கிறது. உடனே உள்நுழையச் சொல்லி அறிவிப்பு காட்டும். ஐபோன் ஆப்பிளின் முகவரியில் “சக்சஸ்” என்ற சொல் வருகிறதா என்று பார்க்கும்.

ஆப்புக்கு ஏன் தெரியவில்லை?

பணம் அனுப்பும் ஆப் முத்திரை வைத்த கடிதம்போல் பூட்டிய வழியில் பேசுகிறது. வாசல்காரர் அதற்குள் தன் பக்கத்தை நுழைக்க முடியாது, பேச்சு அறுந்துபோகும். ஆப்பும் “பிழை” என்று மட்டும் சொல்லிவிடுகிறது. ஆனால் 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், போன் கண்டுபிடித்ததை ஆப்பும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நன்றாகச் செய்த ஆப், “முதலில் வைஃபையில் உள்நுழையுங்கள்” என்று தெளிவாகச் சொல்லும்.

நாம் செய்ய வேண்டியவை

1. ஆப் சுற்றிக்கொண்டே இருந்தால் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். அறிவிப்பைப் பாருங்கள். இல்லையென்றால் வைஃபை அமைப்பில் அந்த இணைப்பின் பெயரைத் தொடுங்கள், பக்கம் வரும்.

2. வைஃபை பக்கம் யுபிஐ பின், ஏடிஎம் அட்டை எண், வங்கிக் கடவுச்சொல் கேட்டால் அது மோசடி. உடனே வெளியே வாருங்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

3. குழுப் பணத்தைப் பொது வைஃபையில் அனுப்ப வேண்டாம். வைஃபையை அணைத்து, சொந்த டேட்டாவில் அனுப்புங்கள்.

4. பணம் போனதா என்ற சந்தேகம் வந்தால், மறுபடி அனுப்பும் முன் கணக்கு இருப்பைப் பாருங்கள்.

5. குழுக் கணக்குக்குப் புது ஆப் வாங்கும்போது, உள்நுழையாத வைஃபையில் ஒரு முறை திறந்து பாருங்கள். காரணம் சொல்கிறதா, வெறுமனே சுற்றுகிறதா? அதைத் தயாரித்தவர்களிடம் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். வைஃபை அடையாளத்தை மட்டும் நம்பாமல், வாசல் திறந்ததா என்று பார்த்த பிறகு காரியத்தில் இறங்குவோம். நம் சேமிப்புப் பணம், நம் கவனம்!