கணனிப் பட்டியலில் நிரல் பார்த்துத் தேடுதல்

இடம்பெயர்ந்தோர் விபரங்கள் இன்று கொப்பிகளில் மட்டுமன்றிக் கணனியிலும் பதியப்படுகின்றன. அங்கு எமது குடும்பம் எவ்வாறு தேடப்படுகிறது என்பதை நாமும் அறிந்திருத்தல் நன்று.

கணனிப் பட்டியலின் எளிய வடிவத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி இருக்கும். விபரங்களைக் காற்புள்ளி பிரிக்கும். குடும்ப இலக்கம், சொந்த ஊர், தங்கியுள்ள ஊர், வயற்காணி ஏக்கர் என நான்கு நிரல்கள் கொண்ட ஒரு மாதிரியைப் பார்ப்போம்.

114,மாங்குளம்,வவுனியா,2
115,முழங்காவில்,மாங்குளம்,3

மாங்குளத்துக்குத் திரும்பும் குடும்பங்களுக்கு விதைநெல் கொடுக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். "மாங்குளம்" என்று முழு வரியிலும் தேடினால் இரு குடும்பங்களும் வந்துவிடும். 115 அங்கே தங்கியிருக்கும் குடும்பம் மட்டுமே. கணக்குப் பிழைத்தால், உரியவருக்குச் சேரவேண்டிய நெல் குறையும். எனவே இரண்டாம் நிரலில் மட்டுமே தேடவேண்டும்.

இதற்கு உதவும் சிறிய கணனி மொழி ஒன்று 'ஓக்'. 1977ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் ஆகிய மூவரும் இதனை ஆக்கினர். அவர்களது பெயர்களின் முதலெழுத்துகளே இதன் பெயராயின. நிரல்களைப் பிரிப்பது காற்புள்ளி என்று முதலில் அதற்குச் சொல்லவேண்டும். பின்னர் இவ்வாறு எழுதலாம்:

$2=="மாங்குளம்"

டொலர் குறியும் எண்ணும் சேர்ந்தால் அந்த நிரல் என்று பொருள். இப்போது 114 மட்டுமே வரும். இரண்டு ஏக்கருக்கு மேற்படாதோர் மட்டும் வேண்டுமாயின்:

$2=="மாங்குளம்" && $4<=2

கணனி எழுத்தை எழுத்தாகவே ஒப்பிடும். "மான்குளம்" என்று பதிந்திருந்தால் அக்குடும்பம் தப்பிவிடும். ஊருக்குப் பின் ஓர் இடைவெளி விழுந்தாலும் அப்படியே. ஊர் நிரலில் "பாடசாலை வீதி, மாங்குளம்" என்று எழுதினால், அந்தக் காற்புள்ளி ஒரு நிரலை இரண்டாக்கி, பின்னுள்ளவற்றைத் தள்ளிவிடும். சங்கப் பட்டியல்களைப் பதியும் எமது இளைஞர் இதனைக் கவனிக்கவேண்டும். ஒரு வரியில் எத்தனை நிரல்கள் என்று எண்ணவும் ஓக் அறியும். நான்கு இல்லாத வரிகளைப் பிரித்தெடுத்துத் திருத்தலாம்.

ஆகவே "உங்கள் பெயர் இல்லை" என்றதும் நாம் திரும்பிவிடக் கூடாது. குடும்ப இலக்க நிரலில் தேடும்படி கேட்போம். வரி கிடைத்தால், ஊரும் காணியும் சரியாக உள்ளனவா என்று வாசித்துக்காட்டச் சொல்வோம். பிழையிருந்தால் அங்கேயே திருத்துவிப்போம்.