ஆண்டின் இறுதி இரவும் நமது நன்றியும்

மார்கழி மாதத்தில் நமது பகுதிகளில் எந்தக் கமக்காரன் வீட்டிலும் நெல் நிறைந்திருப்பதில்லை. காலபோகப் பயிர் குடலைப் பருவத்தில் நிற்கும். சென்ற போகத்து நெல்லோ மூட்டையின் அடிக்கு வந்திருக்கும். வெள்ளம் வருமா, கதிர் பதராகுமா, அறுவடைக்கு மழை விடுமா என்று வானத்தைப் பார்த்திருக்கும் காலம் இது. உழவுக்கும் பசளைக்கும் பட்ட கடன் அப்படியே இருக்கும். இந்த நேரத்திலேதான் டிசெம்பர் 31ஆம் திகதி இரவு ஆலய மணி அடிக்கிறது. கடந்த ஆண்டுக்காக நன்றி செலுத்த வாருங்கள் என்று அழைக்கப்படுகிறோம்.

தமது வயலையே பார்த்துப் பல ஆண்டுகளான குடும்பங்களுக்கு இந்த அழைப்பு இன்னும் கடினமானது. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியோர், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு மழையில் நனைந்துகொண்டே நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோர், 2009இல் வன்னியிலிருந்து செட்டிகுளம் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டோர் என இடம்பெயர்ந்தோர் பலவகையினர். சிலர் திரும்பிவிட்டனர். சிலர் திரும்பிப் போனாலும் கிணறு தூர்ந்து, எல்லைக் கதியால்கள் அழிந்து, எது தமது துண்டு என்று தேடவேண்டியிருந்தது. வேறு சிலருடைய காணி இன்னமும் முட்கம்பி வேலிக்கு உள்ளே கிடக்கிறது. "நாங்கள் எதற்காக நன்றி சொல்வது?" என்று இவர்கள் கேட்டால் அது அவிசுவாசமான கேள்வி அல்ல. அதற்கு நேர்மையான பதிலைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இந்த இரவு வழிபாட்டைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். ஆண்டின் கடைசி இரவில் விழித்திருந்து செபிக்கும் வழக்கத்தை நமது சபைகள் பலவற்றுக்குக் கொண்டுவந்தவர்கள் மெதடிஸ்தர்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகேயுள்ள கிங்ஸ்வுட் என்ற இடத்தில் நிலக்கரி வெட்டும் ஏழைத் தொழிலாளர்களிடையே 1740களின் தொடக்கத்தில் விழிப்பிரவு ஆராதனைகள் நடந்தன. முன்னர் மதுக்கடையில் கழித்த இரவுகளை அவர்கள் செபத்தில் கழித்தனர். ஜோன் வெஸ்லி அதை ஏற்றுப் பிற இடங்களுக்கும் பரப்பினார். மெதடிஸ்த மிஷனரிமார் 1814இல் இலங்கைக்கு வந்தனர். கத்தோலிக்க ஆலயங்களில் டிசெம்பர் 31 மாலை நன்றிக் கீதம் பாடும் மரபு உண்டு. அடுத்த நாளாகிய ஜனவரி 1ஆம் திகதியைப் பாப்பரசர் ஆறாம் பவுல் உலக சமாதான நாளாக்கினார். 1968இல் அது முதன்முறையாக அனுசரிக்கப்பட்டது. ஆகவே நள்ளிரவின் ஒரு பக்கத்தில் நன்றியும் மறு பக்கத்தில் சமாதானமும் நிற்கின்றன எனலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நத்தாருக்கும் வருடப் பிறப்புக்கும் இடையில், டிசெம்பர் 28ஆம் திகதியைத் திருச்சபை பெத்லகேமில் கொல்லப்பட்ட குழந்தைகளின் நாளாக வைத்திருக்கிறது. அந்தக் குழந்தைகளுக்காக அழும் ராகேல் ஆறுதலடைய மறுத்தாள் என்றே மத்தேயு எழுதுகிறார். அவளை எவரும் கண்டிக்கவில்லை. அதே வேளையில் யோசேப்பும் மரியாளும் கைக்குழந்தையோடு இரவோடிரவாக எகிப்துக்கு ஓடுகிறார்கள். நமது கரையோர மக்களுக்கு இதே கிழமையில் இன்னொரு நினைவும் உண்டு: 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கடல் வந்த காலை. அழுகைக்கு இடம் வைத்த ஒரு கிழமையின் முடிவிலேதான் நன்றி கேட்கப்படுகிறது. இதை மறந்து செய்யப்படும் பிரசங்கம் காயத்தில் உப்பைத் தேய்ப்பதாகிவிடும்.

அப்படிப்பட்ட ஒரு பிரசங்கத்தை நாம் கேட்டிருக்கிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் இருந்த சபையில், அந்த இழப்புக்காகவே ஆண்டவருக்கு நன்றி சொல்லவேண்டும் என்று கூறப்பட்டது. அவர் எழுந்து போய்விட்டார். பின்பு நெடுநாள் வரவில்லை. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது எந்த நிலைமையிலும் நன்றியுள்ளவர்களாயிருக்கச் சொல்கிறாரே தவிர, நடந்த ஒவ்வொன்றுக்காகவும் நன்றி சொல்லும்படி அங்கே சொல்லவில்லை. எபேசியருக்கான நிருபத்தில் "எல்லாவற்றுக்காகவும்" என்று பொருள்படும் சொல் உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் அந்த நிருபத்தை வாசிக்கும் அதே திருச்சபைதான் ராகேலின் அழுகையையும் தன் நாட்காட்டியில் வைத்தது. குண்டு விழுந்ததற்காக எவரும் நன்றி சொல்லவேண்டியதில்லை. குண்டு விழுந்த இரவில் தன் பங்கருக்குள் நமக்கும் இடம் தந்தவருக்காகச் சொல்லலாம்.

அலைந்தவன் சொன்ன நன்றி

வேதாகமத்தில் ஒரு கமக்காரன் நன்றி செலுத்தும் முறை உபாகமம் 26ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நமது வாசகர்கள் அதை ஒருமுறை மெதுவாக வாசிக்கவேண்டும். முதல் விளைச்சலில் கொஞ்சத்தை ஒரு கூடையில் எடுத்துக்கொண்டு அவன் ஆசாரியனிடம் போகிறான். தைப்பூசத்தில் புதிர் எடுத்த நமக்கு இது புதிய காட்சியல்ல. கூடையை வைத்தபின் அவன் சொல்லவேண்டிய வார்த்தைகளைத்தான் பார்க்கவேண்டும். நல்ல மழை பெய்தது, கதிர் நன்றாகப் பிடித்தது என்று அவன் தொடங்குவதில்லை. தன் முற்பிதா அலைந்து திரிந்த ஓர் அரமேயன் என்று தொடங்குகிறான். கொஞ்சப் பேராக அந்நிய தேசத்துக்குப் போனோம், அங்கே ஒடுக்கினார்கள், கடின வேலை வாங்கினார்கள், கத்தினோம், கடவுள் கேட்டார், வெளியே கொண்டுவந்தார் என்று தன் இனத்தின் கதை முழுவதையும் ஒப்புவிக்கிறான். நெல்லைப் பற்றிய பேச்சு, இங்கே கோதுமையும் பார்லியும் என்று கொள்ளலாம், கடைசி வரியில் மட்டுமே வருகிறது.

"நன்றி" என்ற சொல் அந்த ஒப்புவிப்பில் ஓரிடத்திலும் இல்லை என்பது வியப்பானது. இடம்பெயர்ந்த கதையை மறைக்காமல், திரிக்காமல், கடவுளுக்கு முன்பாகச் சொல்லி முடிப்பதே அங்கே நன்றியாகிறது. பழையதை மறந்துவிட்டுச் சந்தோஷமாயிருங்கள் என்று நம்மிடம் சொல்வோர் பலர். உபாகமம் அப்படிச் சொல்லவில்லை. மறக்கக்கூடாது என்பதற்காகவே ஆண்டுதோறும் வாய்விட்டுச் சொல்ல வைக்கிறது. சொன்னபின் தனியே உண்ணவும் விடவில்லை. காணியில்லாத லேவியரையும், ஊரில் தங்கியிருக்கும் அந்நியரையும் சேர்த்துக்கொண்டு மகிழ வேண்டும் என்கிறது.

இதை நமது வீடுகளிலும் செய்யலாம். 31ஆம் திகதி பின்னேரம், ஆலயத்துக்குப் புறப்படுமுன், குடும்பமாக இருந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். எந்த ஆண்டில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனோம், யாருடைய வளவில் கொட்டில் போட்டோம், தண்ணீர் எடுக்க விட்ட கிணறு யாருடையது, வழியில் யாரைப் புதைத்தோம், எவரைப் பற்றி இன்றுவரை செய்தியில்லை என்று எழுதுங்கள். அம்மம்மாவும் அப்பப்பாவும் இருக்கும்போதே எழுதுவது நல்லது. 2009க்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குத் தறப்பாள் கொட்டிலும் தெரியாது, நிவாரணக் கூப்பனும் தெரியாது. தண்ணீர் தந்தவரின் பெயர் எழுதப்படும் வரியில் நன்றி தானாகவே வந்து நிற்கும். செய்தியில்லாதவரின் பெயர் வரும்போது ஒருவரும் எதுவும் பேசாதிருந்தாலும் அது பிழையல்ல.

இங்கே ஒரு சிறு வேண்டுகோள். நள்ளிரவில் ஆலய வளவுகளில் சீனவெடி கொளுத்தும் வழக்கம் பரவியிருக்கிறது. ஷெல்லடிக்குள் வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் என்ன செய்யும் என்பதை இளைஞர் சங்கத்தினர் ஒருமுறை யோசிக்கவேண்டும். மணியை நீட்டி அடித்தாலே போதும்.

ஐலன்பேர்க் போதகர்

இழப்பின் நடுவில் நன்றி என்பது வெறும் பேச்சா என்று கேட்போருக்கு ஒரு மனிதரைக் காட்டலாம். ஜேர்மனியின் சாக்சனிப் பகுதியில் ஐலன்பேர்க் என்ற மதில் சூழ்ந்த பட்டணத்தில் மார்ட்டின் ரிங்கார்ட் போதகராயிருந்தார். 1618இல் தொடங்கிய முப்பதாண்டுப் போரில் சுற்றுக் கிராமங்களின் கமக்காரர்கள் எல்லாம் அந்த மதிலுக்குள் அகதிகளாய் வந்து நெருங்கினார்கள். 1637இல் கொள்ளைநோய் பரவியது. உடன் ஊழியர்கள் இறந்தும் விலகியும் போக, அவர் தனியாளானார். ஒரே நாளில் நாற்பது, ஐம்பது பேருக்கு அடக்க ஆராதனை நடத்தினார். அந்த ஓராண்டில் அவர் அடக்கம் செய்தோர் 4,000க்கும் அதிகம். அவர்களில் ஒருவர் அவருடைய மனைவி. நோயின் பின்னால் பஞ்சம் வந்தது. தன் வீட்டில் இருந்ததைப் பங்கிட்டுக் கொடுத்து, பிள்ளைகளின் அப்பத்துக்காக வரப்போகும் சம்பளத்தையே ஈடுவைத்தார்.

இவர் 1630களில் எழுதிய ஒரு நன்றிப் பாடல் இன்றும் உலகின் பல மொழிகளில் பாடப்படுகிறது. 1648இல் சமாதானம் வந்தபின் வெற்றி விழாவுக்காக அதை எழுதினார் என்று சிலர் சொல்வதுண்டு, அது சரியல்ல. போர் நடந்துகொண்டிருக்கையில், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சொல்லும் சிறு செபமாகவே அதை எழுதினார். சீராக் நூலின் 50ஆம் அதிகாரத்தில் வரும் ஒரு மன்றாட்டே அதற்கு அடிப்படை. அந்த மன்றாட்டில் நன்றியும், நமது நாட்களில் சமாதானம் வேண்டுமென்ற கேள்வியும் ஒன்றாகவே இருக்கின்றன. சமாதானம் கிடைத்தபின் நன்றி சொல்லலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. நன்றி சொன்னபடியால் சமாதானத்தைக் கேட்பதையும் விடவில்லை. அவர் 1649 டிசெம்பரில் இறந்தார். போரில்லாத வாழ்வு அவருக்கு ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே கிடைத்தது.

எந்தச் சமாதானம்?

துப்பாக்கிகள் 2009 மே மாதத்தில் ஓய்ந்தன. அதையே சமாதானம் என்று எடுத்துக்கொண்டால் நமது செபத்தை அன்றே நிறுத்தியிருக்கலாம். வேதத்தின் எபிரேயச் சொல்லாகிய "ஷாலோம்" அதைவிடப் பெரியது. குறைவில்லாமை, உடல்நலம், விளைச்சல், அயலவரோடு சரியான உறவு எல்லாம் அதற்குள் அடங்கும்.

கி.மு. 597இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு இடம்பெயர்க்கப்பட்ட மக்களுக்கு எரேமியா ஒரு கடிதம் எழுதினார் (எரேமியா 29). இரண்டு ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று வேறொரு தீர்க்கன் சொல்லிக்கொண்டிருந்தான். எரேமியாவோ, நாட்கள் நீளும், வீடு கட்டுங்கள், தோட்டம் வைத்து அதன் பலனை உண்ணுங்கள், நீங்கள் இருக்கும் அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகச் செபியுங்கள் என்று எழுதினார். அது அவர்களைச் சிறைபிடித்தவரின் பட்டணம்! திரும்பிப் போவோம் என்ற நம்பிக்கையை அவர் அழிக்கவில்லை. ஆனால் திரும்பும் நாள் வரை மண்வெட்டியைச் சாத்திவைக்க வேண்டாம் என்றார். முகாம் கொட்டிலின் பக்கத்தில் நாலு கத்தரிக் கன்று வைத்த பெண்கள் இந்தக் கடிதத்தை வாசிக்காமலே அதன்படி செய்தவர்கள்.

அயலவர் என்று சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். பல குடும்பங்கள் புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தன. நமது கொப்பியில் நமது ஓட்டங்களை மட்டும் எழுதி, அவர்கள் பூட்டிவிட்டுப் போன வீடுகளை எழுதாமல் விட்டால், கடவுளுக்கு முன் வைத்த கதை பாதிக் கதையாகிவிடும்.

எரேமியாவைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. காணி உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடியவர்கள் இதை அறிந்திருக்கவேண்டும். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. எரேமியா காவலில் இருந்தார். அப்போது அவருடைய சிறிய தகப்பனின் மகன் வந்து, ஆனதோத் என்ற சொந்த ஊரிலுள்ள வயலை வாங்கும்படி கேட்டான். எதிரியின் கைக்குப் போய்விட்ட வயலை எவர் வாங்குவார்? எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகள் கையெழுத்திட்டனர். முத்திரையிட்ட உறுதியையும் திறந்த பிரதியையும் நெடுநாள் கெடாதிருக்க ஒரு மண்பாண்டத்தில் வைக்கும்படி எழுத்தர் பாருக்கிடம் சொன்னார். வீடுகளும் வயல்களும் இந்தத் தேசத்தில் மறுபடியும் வாங்கப்படும் என்ற கடவுளின் வாக்கே அதற்குக் காரணம்.

அந்த வயலில் எரேமியா ஏர் பூட்டியதாக வேதம் எங்கும் சொல்லவில்லை. நகரம் விழுந்தபின், தப்பியோடிய ஒரு கூட்டத்தார் அவரையும் எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பிவந்த செய்தி இல்லை. பல பத்தாண்டுகளுக்குப் பின் பாபிலோனிலிருந்து திரும்பியோரின் பட்டியல் எஸ்றா 2ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஊர் ஊராகப் பெயரும் தொகையும் கொண்ட நீண்ட பட்டியல் அது. வாசிப்பவர்கள் வழக்கமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். அதன் 23ஆம் வசனத்தில் ஆனதோத் ஊரவர் 128 பேர் என்று எழுதப்பட்டிருக்கிறது.