சிற்றலையில் வந்த துள்ளிசை

கண்டி நகரிலும், மடவளை முதலாய அயலூர்களிலும் வாழும் இளைஞர் றொக்கிசையில் மூழ்கிக் கிடக்கின்றனர் என்று ஆசிரியருட் பலர் குறைபடுவதுண்டு. மேனாட்டு ஆரவார இசை இந்நாட்டிற்கு நேற்று வந்ததன்று. அது வந்த வழி இலங்கை வானொலியின் வரலாறே. அவ்வரலாற்றின் ஓர் அத்தியாயம் கண்டியையும் தொட்டுச் செல்கின்றது.

இலங்கையில் ஒலிபரப்பைத் தொடங்கியவர் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராயிருந்த எட்வேட் ஹாப்பர் என்னும் ஆங்கிலேயர். முதல் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புக்களைக் கொண்டு பரப்பியொன்றை அமைத்து, இசைத்தட்டுப் பாடல்களை அவர் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார். கொழும்பு வானொலி நிலையம் 1925 டிசெம்பர் 16 இல் முறைப்படி தொடங்கியது. பீ.பீ.சி. தோன்றி அப்போது மூன்றாண்டுகளே கழிந்திருந்தன. போர்க்கருவி பாட்டுக்கருவியான இவ்விந்தை பின்னரும் ஒருமுறை நிகழ்ந்தது.

1944 இல் மவுண்ட்பேற்றன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் புதுடில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். பேராதனைப் பூங்காவே அதன் பாசறையாயிற்று. அப்படையினருக்குச் செய்தியும் இசையும் வழங்கவென எழுந்ததே 'றேடியோ சியாக்'. தலைமையகம் கண்டியிலிருந்தபோதும் ஒலிபரப்பு நிகழ்ந்தது கொழும்பிலிருந்து. ஜாஎலைக்கு அருகிலுள்ள ஏக்கலையில் 100 கிலோவாற் வலுவுடைய சிற்றலைப் பரப்பி நிறுவப்பட்டது. போர் ஓய்ந்தபின், 1949 இல், இந்நிலையம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. சிறிய தீவொன்று ஆசியாவின் பெரும்பகுதிக்குக் கேட்கத்தக்க குரலைப் பெற்றது இவ்வாறே.

ஈண்டுச் சிற்றலையின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். இன்றைய பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வது; மலை குறுக்கிட்டால் தேய்ந்துவிடும். அதனாலேதான் ஹந்தானை போன்ற உயரங்களிற் கோபுரங்கள் நிற்கின்றன. சிற்றலையோ வானை நோக்கிச் சென்று, அயன மண்டலத்தில் மோதித் திரும்பி, நெடுந்தொலைவில் மண்ணைத் தொடும். இடையில் மலையிருந்தாலென்ன, கடலிருந்தாலென்ன? கேட்போன் பொறுக்கவேண்டியது, அலை எழுந்தும் தாழ்ந்தும் வருகின்ற இரைச்சலை மட்டுமே.

வர்த்தக சேவை 1950 இல் தொடங்கியது. அதனை நெறிப்படுத்தியவர் அவுஸ்திரேலியரான கிளிபோர்ட் டொட். விளம்பர வருவாயில் நடந்தமையால், மக்கள் விரும்புவதை வழங்குவதே அச்சேவையின் நெறியாயிற்று. இந்தியாவில் 1952 இல் அமைச்சர் கேஸ்கர் சாத்திரிய சங்கீதத்தை வளர்க்கும் நோக்குடன் திரையிசையை அகில இந்திய வானொலியினின்றும் ஒதுக்கினார். நோக்கம் உயர்ந்ததே, விளைவோ வேறு. நேயர் கொழும்பை நோக்கித் திரும்பினர். அவ்வாண்டு டிசெம்பரிற் கொழும்பிலிருந்து ஒலிக்கத் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' வட இந்தியாவெங்கும் பரவியது. 1957 இல் 'விவித பாரதி' என்னும் மெல்லிசைச் சேவையை இந்தியா தொடங்கவேண்டியதாயிற்று. இன்று வகுப்பறையிற் றொக்கிசையைத் தடைசெய்ய விழைவோர் இந்நிகழ்ச்சியை ஊன்றி நோக்குவாராக.

ஆங்கில வர்த்தக சேவை மேனாட்டு இசைத்தட்டுக்களை உடனுக்குடன் வழங்கிற்று; றொக் அண்ட் ரோல் தெற்காசிய இளைஞர் பலரின் செவிக்கு முதலில் எட்டியது அவ்வழியே. தமிழ்ச் சேவையில் எஸ். பி. மயில்வாகனன் முன்னோடியாக விளங்கினார். அவருக்குப் பின்வந்த கே. எஸ். ராஜா, பீ. எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களைத் தமிழகமும் தன்னுடையனவாகவே கொண்டது. செவிக்கு ஏற்ற தமிழ் எவ்வாறிருத்தல் வேண்டுமென்பதைச் சோ. சிவபாதசுந்தரம் தம் 'ஒலிபரப்புக் கலை' நூலில் ஆராய்ந்துள்ளார். பீ.பீ.சி. தமிழ் நிகழ்ச்சிக்குத் 'தமிழோசை' எனப் பெயரிட்டவரும் அவரே. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளருக்குப் பள்ளியும் நூலகமும் எட்டாதிருந்த காலத்தில், பிழையற்ற தமிழுச்சரிப்பை வரிசை வீட்டு வாயிலுக்குக் கொணர்ந்தது வானொலிப் பெட்டியே என்பது என் துணிபு. பெட்டியில்லாதார் கடை வாயிலில் நின்று கேட்டனர்.

மேனாட்டு இசையைக் கேட்ட செவி அதனைத் தமிழாக்கவும் முற்பட்டது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பாடிய துள்ளிசைப் பாடல்கள், பைலாத் தாளமும் கிற்றாரும் கலந்து, 1960களிலும் 70களிலும் பரவின. மனோகரனின் 'சுராங்கனி' சிங்களமும் தமிழும் விரவிய பாட்டு. தமிழகத்திலும் அது முழங்கியது. இலக்கணம் வல்லார் இவற்றை எள்ளினர். ஆயினும், திரையிசைக்கு முற்றும் அடிமைப்படாத, ஈழத்துக்கே உரிய தமிழ்ப் பாட்டு வகையொன்று பிறந்தது இங்கேயன்றோ?

வானொலி 1967 இல் கூட்டுத்தாபனமாயிற்று. 1990களில் தனியார் பண்பலை நிலையங்கள் தோன்றின. 1993 இல் தொடங்கிய டீ.என்.எல். ஆங்கில இசைக்கு, சிறப்பாக றொக்கிசைக்கு, இடமளித்தது. 1998 இற் சூரியன், சக்தி ஆகியன தமிழில் எழுந்தன. அரச வர்த்தக சேவை 'தென்றல்' எனப் பெயர் பெற்றது. எண்ணிக்கை பெருகிற்று, எட்டும் தொலைவு குறுகிற்று. கடல் கடந்து கேட்ட குரல் இப்போது ஹந்தானைக் கோபுரத்தின் பார்வைக்குள் அடங்குகின்றது. அறிவிப்பாளர் தமிழும் ஆங்கிலமும் கலந்து விரைந்து பேசுகின்றனர். கேட்கும் மாணவன் அவ்வாறே கட்டுரையும் எழுதுகின்றான். மயில்வாகனன் காலத்து ஒலிப்பதிவுகளுள் எஞ்சியவற்றை மேல்வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் ஒருமுறையேனும் ஒலிக்கச் செய்யலாம். அவற்றோடு ஒரு துள்ளிசைப் பாடலும் இருக்கட்டும்.