இணைச்சார்பு

இணைச்சார்பு (கோடிபென்டன்சி) என்பது, ஒருவர் தம் தேவைகளைப் புறக்கணித்து, மற்றொருவரின் சிக்கல்களைச் சுமப்பதிலேயே தம் மதிப்பைக் காணும் உறவுப்போக்கைக் குறிக்கும் சொல்லாகும்.

தோற்றம்

இக்கருத்து அமெரிக்காவில் குடிநோய் மீட்பு முயற்சிகளிலிருந்து தோன்றியது. ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு 1935-இல் குடிநோயாளிகளுக்காகத் தொடங்கப்பட்டது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-இல் வேறொரு பெண்ணுடன் இணைந்து, குடும்பத்தினருக்காக அல்-அனான் அமைப்பை உருவாக்கினார். குடிப்பவருக்காகப் பொய் சொல்லி விடுப்புக் கேட்பதும் அவர் கடனை அடைப்பதும் குடி தொடரவே துணைபோகலாம் என்ற புரிதல் மெல்ல வளர்ந்தது.

வளர்ச்சி

1970-களின் பிற்பகுதியில் மினசோட்டா மாநிலச் சிகிச்சை மையங்களில் இச்சொல் வழக்குக்கு வந்தது. மெலடி பீட்டி 1986-இல் வெளியிட்ட ‘கோடிபென்டன்ட் நோ மோர்’ என்ற நூல் இதைப் பரவலாக்கியது. பின்னர், குடிப்பழக்கம் இல்லாத உறவுகளையும் இச்சொல்லால் குறிக்கலாயினர்.

திறனாய்வு

இதனை ஆளுமைக் கோளாறாக ஏற்குமாறு மனநல மருத்துவர் டிம்மன் செர்மாக் 1986-இல் முன்மொழிந்தார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு அதனை ஏற்கவில்லை. இயல்பான அக்கறையையும் நோயாக்கி, குடிப்பவரின் பொறுப்பை மனைவி மீது சுமத்துவதாகப் பெண்ணியவாதிகள் இக்கருத்தைக் கண்டித்தனர். எனவே இது நோயின் பெயரன்று. உதவி எங்கே சுமையாகிறது என எண்ணிப்பார்க்க உதவும் சொல் மட்டுமே.