டி-செல் ஏற்பி

டி-செல் ஏற்பி என்பது டி-செல்களின் மேற்பரப்பில் அமைந்துள்ள புரதம். உடலுக்கு அயலான எதிர்ப்பொருள் தூண்டிகளை, அதாவது ஆன்டிஜென்களை, டி-செல் இதன் வழியாகவே இனங்காண்கிறது. பெரும்பாலான ஏற்பிகள் ஆல்ஃபா, பீட்டா எனும் இரு சங்கிலிகளால் ஆனவை.

இனங்காணும் முறை

எதிர்ப்பொருள் எனப்படும் ஆன்டிபாடி, கிருமியின் மேற்பரப்பிலேயே நேரடியாகப் பிணையக்கூடியது. ஆல்ஃபா-பீட்டா ஏற்பியின் வழி வேறு. கிருமியின் புரதம் முதலில் ஒரு செல்லுக்குள் சிறு துண்டுகளாக வெட்டப்பட வேண்டும். அத்துண்டு, பெப்டைடு, எம்எச்சி எனப்படும் திசுப்பொருத்தப் புரதத்தின் பள்ளத்தில் அமர்ந்து செல்லின் மேற்பரப்புக்கு வருகிறது. துண்டையும் அதைத் தாங்கும் புரதத்தையும் சேர்த்தே ஏற்பி அறிகிறது. இதை 1974-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் எலிகளைக் கொண்டு காட்டிய பீட்டர் டோகர்ட்டி, ரால்ஃப் சிங்கர்நாகல் இருவரும் 1996-இல் நோபல் பரிசு பெற்றனர்.

முதல் வகை எம்எச்சி, ஏறத்தாழ 8 முதல் 10 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டுகளை சிடி8 டி-செல்களுக்குக் காட்டும். இரண்டாம் வகை, அதைவிட நீண்ட துண்டுகளை சிடி4 டி-செல்களுக்குக் காட்டும். தைமசு சுரப்பியில் மரபணுத் துண்டுகள் மாறிமாறி இணைவதால் கோடிக்கணக்கான வெவ்வேறு ஏற்பிகள் உருவாகின்றன. உடலின் சொந்தப் புரதங்களை வலுவாகப் பற்றும் டி-செல்களில் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படுகின்றன.

காசநோயும் செங்கல்பட்டு ஆய்வும்

காசநோய்க் கிருமி, தன்னை விழுங்கும் பெருவிழுங்கி செல்லுக்குள்ளேயே வாழ்வதால் எதிர்ப்பொருள்கள் அதை எளிதில் எட்டுவதில்லை. சிடி4 செல்கள் பெருவிழுங்கியின் மேல் உள்ள துண்டை அறிந்து, இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரந்து, உள்ளிருக்கும் கிருமியைக் கொல்ல அதைத் தூண்டுகின்றன. காரைக்கால் உட்பட இந்தியா முழுவதும் பிறந்த குழந்தைக்குப் போடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசி, முதன்மையாக இந்த டி-செல்களைப் பழக்குவதற்கானது.

ஆனால் 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பகுதியில் தொடங்கிய மாபெரும் பி.சி.ஜி. ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இத்தடுப்பூசி தடுக்கவில்லை எனக் காட்டியது. முதல் முடிவுகள் 1979-இல் வந்தபோது மருத்துவ உலகம் திகைத்தது. குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயிலிருந்து பி.சி.ஜி. காக்கிறது என்பது வேறு ஆய்வுகளில் உறுதியான செய்தி. எனவே அந்த ஊசி இன்றும் தொடர்கிறது.

தோல்விக்குப் பல விளக்கங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று ஏற்பியின் இயல்போடு நேரடியாகத் தொடர்புடையது. மண்ணிலும் நீரிலும் வாழும், பெரும்பாலும் தீங்கற்ற மைக்கோபாக்டீரியங்கள் காசநோய்க் கிருமியின் உறவினங்கள். அவற்றின் புரதங்களில் பல துண்டுகள் ஒன்றுபோலவே இருக்கும். ஏற்பிக்குத் தெரிவது துண்டு மட்டுமே. அது எந்தக் கிருமியிலிருந்து வந்தது என்பது தெரியாது. அப்பகுதி மக்களில் பெரும்பாலோரின் டி-செல்கள் இத்துண்டுகளை முன்பே சந்தித்திருந்ததால், தடுப்பூசி புதிதாகச் சேர்க்க அதிகம் இல்லாமல் போயிருக்கலாம்.

தோல் பரிசோதனை

இதே சிக்கல் மாண்டூ பரிசோதனையிலும் உண்டு. அதில் செலுத்தப்படும் டியூபர்குலின் பல புரதங்களின் கலவை. அதனால் பி.சி.ஜி. போட்டவர்களுக்கும் கை தடிக்கக்கூடும். ஈசாட்-6, சிஎஃப்பி-10 ஆகிய இரு புரதங்கள் காசநோய்க் கிருமியில் உண்டு, பி.சி.ஜி.யில் இல்லை. இவற்றை மட்டும் பயன்படுத்தும் சை-டிபி தோல் பரிசோதனை 2022-இல் இந்தியாவில் ஒப்புதல் பெற்றது. இதில் கை தடித்தால், அந்தத் துண்டுகளை அறிந்த டி-செல்கள் உடலில் உள்ளன என்று பொருள். நோய் இப்போது தீவிரமாக உள்ளதா என்பதை அறியச் சளிப் பரிசோதனையும் எக்ஸ்-ரேயும் தேவை.